கூடி நோற்ற நாற்பது நாள்

தமிழர்க்கு நோன்பு புதியதன்று. கூடி நோற்பதும் புதியதன்று. மார்கழி வைகறையில் வீடுதோறும் சென்று தோழியரை எழுப்பி அழைத்துச் செல்லும் பாவை நோன்பினை ஆண்டாள் பாடினார். வடக்கிருந்து உயிர்விடத் துணிந்த கோப்பெருஞ்சோழன், அதுவரை நேரிற் கண்டிராத பிசிராந்தையாருக்கும் தன் அருகில் இடம் வைக்கச் சொன்னதையும், அவன் நம்பியபடியே அப்புலவர் வந்து உடனிருந்ததையும் புறநானூறு கூறும். ரமலான் மாதத்தில் பள்ளிவாசலில் காய்ச்சும் நோன்புக் கஞ்சியைச் சமய வேறுபாடின்றி அண்டை வீட்டுப் பிள்ளைகள் தூக்குச் சட்டியில் வாங்கிச் செல்வது, நம் ஊர்களில் இன்றும் காணும் காட்சியாகும். நோன்பு என்னும் சொல் ‘நோல்’ என்னும் வினையடியாகப் பிறந்தது. பொறுத்தல் என்பது அதன் பொருள். பசியைப் பொறுத்தல் ஒரு வகை. பிறர் சுமையைப் பொறுத்தல் மற்றொரு வகை. இவ்விரண்டும் எங்கே கூடுகின்றன என்பதைக் கிறித்தவரின் நாற்பது நாள் நோன்பின் வரலாற்றைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயரும் கணக்கும்

இம்மலரைப் படிப்போருள் பல சமயத்தாரும் உளராதலின் பெயர்களை முதலிற் கூறுதல் நலம். இயேசு பெருமான் உயிர்த்தெழுந்த பெருவிழாவிற்கு முன் நோற்கப்படும் இக்காலத்தைக் கத்தோலிக்கர் தவக்காலம் என்பர்; அவர்தம் முன்னோர் தபசு காலம் என்றனர். திருநெல்வேலிச் சீமையின் சீர்திருத்தத் திருச்சபையார் லெந்து நாள்கள் என்பர். லெந்து என்பது ஆங்கிலச் சொல்லின் தமிழ் ஒலிப்பே. அதன் பழைய வடிவத்திற்கு, பகற்பொழுது நீளத் தொடங்கும் இளவேனிற் பருவம் என்பது பொருள். நம் அடுத்த வீட்டு மலையாளிகளாகிய சிரியன் கிறித்தவர் இதனை ஐம்பது நோன்பு என வழங்குவர்.

மேலைத் திருச்சபை வழக்கில் இக்காலம் ஒரு புதன்கிழமை தொடங்கும். அந்நாளைக் கத்தோலிக்கர் முன்னர் விபூதிப் புதன் என்றனர். இன்று திருநீற்றுப் புதன் என்கின்றனர். மற்றையோர் சாம்பற் புதன் என்பர். அந்நாள் முதல் உயிர்ப்பு விழாவின் முந்தைய நாளாகிய சனி வரை எண்ணினால் 46 நாள் வரும். ஞாயிறு உயிர்ப்பின் நாளாதலின் அன்று நோன்பில்லை; ஆறு ஞாயிறுகளைக் கழிக்க நாற்பது எஞ்சும். மோசே மலையிலும், எலியா வழிநடையிலும், இயேசு பாலைநிலத்திலும் நோற்ற நாற்பது நாள்களை அவ்வெண் நினைவூட்டும்.

ஒரு பெரியவர் எழுப்பிய வினா

மும்பையின் புறநகர் ஒன்றில் வாழும் நாம் ஏழு குடும்பத்தார், பல ஆண்டுகளாக இந்நாள்களின் வெள்ளிக்கிழமை மாலைகளில் வீட்டுக்கு வீடு மாறிக் கூடி வருகிறோம். நம்முள் திருநெல்வேலித் தென்னிந்தியத் திருச்சபையார் உளர். தூத்துக்குடிக் கத்தோலிக்கர் உளர். தரங்கம்பாடி வழிவந்த லுத்தரன் குடும்பம் ஒன்றும் உண்டு. ஊரில் இருந்திருந்தால் மூவரும் மூன்று கோயிலுக்குச் சென்றிருப்போம். ஒருவர் வீட்டு நோன்பை மற்றவர் அறிந்திருக்கவும் மாட்டோம். இங்கே தமிழில் மன்றாட ஓர் இடம் வேண்டும் என்ற தேவையே நம்மை ஒரே பாயில் அமர்த்தியது. மின்தொடர் வண்டியில் நெரிசற்பட்டு வந்து சேர்வோர் வந்து சேர ஏழரை மணியாகும். பாமாலையிலிருந்து ஒரு பாட்டு, ஒரு கீர்த்தனை, திருமறைப் பகுதி, சிலுவைப் பாதைத் தியானம் ஆகியன முறையே நடைபெறும். பின்னர்க் கஞ்சியும் காணத் துவையலும். அன்றைய இரவு உணவில் மிச்சப்பட்டதைக் கணக்கிட்டு ஒரு பிஸ்கட் டப்பாவில் இடுவோம்.

ஒருமுறை ஊரிலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவர், கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: “நோன்பை மறைவாகச் செய்யென்றுதானே ஆண்டவர் சொன்னார்? நீங்கள் கூட்டம் கூடி நோற்கிறீர்களே தம்பி, இது முறைதானா?”

வினா நேர்மையானது. நோன்பிருப்போர் முகத்தை வாட வைத்துப் பிறர்க்குக் காட்டலாகாது. தலைக்கு எண்ணெய் பூசி, முகம் கழுவி, மறைவாக நோற்க வேண்டும் என்பது மத்தேயு நற்செய்தியின் ஆறாம் அதிகாரம் தரும் அறிவுரை. அங்ஙனமாயின் கூடி நோற்றல் அக்கட்டளைக்கு மாறாகாதா? அன்று எம்மால் தெளிவான விடை கூற இயலவில்லை. பின்னர் வரலாற்றைத் தேடிப் படித்தபோது, இந்நோன்பு தனியொருவரின் வீட்டு மூலையிற் பிறந்ததன்று, துணையிருத்தலிற் பிறந்தது என்று கண்டோம். அத்துணை மூவகைப்படும்.

திருமுழுக்குப் பெறுவோர்க்குத் துணை

பன்னிருவர் போதனை எனப்படும் ‘திதாக்கே’ மிகப் பழைய கிறித்தவ நூல்களுள் ஒன்று. முதல் நூற்றாண்டின் இறுதியையோ அதனை அடுத்த காலத்தையோ சார்ந்தது. கான்ஸ்டாண்டிநோபிளில் 1873இல் கண்டெடுக்கப்பட்ட கைப்படியிலிருந்து 1883இல் இது அச்சேறியது. திருமுழுக்குப் பெறுபவர் ஓரிரு நாள் நோன்பிருக்க வேண்டும் என்று கூறும் இந்நூல், அதனோடு நில்லாது, முழுக்கு அளிப்பவரும் இயன்ற பிறரும் உடன் நோற்க வேண்டும் என்றும் விதிக்கிறது. ஏறத்தாழ 155ஆம் ஆண்டில் உரோமையிலிருந்து எழுதிய யுஸ்தீன் என்னும் மெய்யியலாரும், திருமுழுக்குப் பெற வருவோருக்காகச் சபையார் அனைவரும் அவர்களோடு சேர்ந்து மன்றாடி நோற்பதாகத் தம் முறையீட்டு நூலில் தெரிவிக்கிறார். புதிதாக வருபவன் பசித்திருக்க, பழையவர்கள் உண்டு காத்திருக்கவில்லை.

நாற்பது நாள் என்னும் வரையறை நான்காம் நூற்றாண்டிலேயே நிலைபெறுகிறது. நீசேயாவில் 325இல் கூடிய பொதுச் சங்கத்தின் ஐந்தாம் விதியில் நாற்பது நாட்காலம் குறிக்கப்படுகிறது. எந்தச் சூழலில் அது குறிக்கப்படுகிறது என்பதே நாம் கருதத்தக்கது. சபையினின்று விலக்கப்பட்டோரின் வழக்குகளை ஆராயும் ஆயர் கூட்டங்களுள் ஒன்று அந்நாற்பது நாளுக்கு முன் நடைபெற வேண்டும். அப்போதுதான் மனத்தாங்கல்கள் நீங்கிக் கடவுளுக்குத் தூய காணிக்கை செலுத்த இயலும் என்கிறது அவ்விதி. எதை உண்பது, எதை விலக்குவது என்று அது பேசவில்லை. பகையோடு நோன்பில் நுழையாதே என்பதே அதன் கருத்து. அச்சங்கத்தின் 1,700ஆம் ஆண்டு நிறைவை உலகத் திருச்சபைகள் 2025இல் நினைவுகூர்ந்தன.

எருசலேமில் 350ஆம் ஆண்டளவில் சிரில் என்பார், திருமுழுக்குக்கு ஆயத்தமானோர்க்கு இக்காலத்தில் ஆற்றிய போதனைகள் இன்றும் கிடைக்கின்றன. அந்நகருக்கு 381 முதல் 384 வரையிலான காலத்தில் வழிபயணம் சென்ற எகேரியா என்னும் பெண்மணி, தாம் கண்டவற்றைத் தம் நாட்டுச் சகோதரியர்க்கு எழுதினார். அக்குறிப்பின் கைப்படி இத்தாலியின் அரெத்சோ நகரில் 1884இல் வெளிப்பட்டது. பெயர் கொடுத்தோர் ஒவ்வொருவராக முன்வர, ஆயர் அவருடைய அண்டை வீட்டாரையே வினவுவாராம்: இவர் நல்லொழுக்கம் உடையவரா? பெற்றோரை மதிப்பவரா? குடிப்பழக்கம் உண்டா? பின்னர் நாள்தோறும் காலையில் மூன்று மணி நேரம் போதனை நடைபெறும். அவர்களுக்குப் பிணையாக நிற்கும் ஞானத்தாய் தந்தையரும், கேட்க விரும்பும் மற்றச் சபையாரும் உடன் அமர்ந்திருப்பர். அண்டை வீட்டாரின் சாட்சியும் உடனமர்வோரின் துணையும் இன்றி அக்காலத் தவக்காலம் இல்லை.

இங்ஙனம் கூடி நோற்றோர் எல்லாரும் ஒரே முறையில் நோற்றனர் என்று எண்ணலாகாது. ஏறத்தாழ 190ஆம் ஆண்டில் லியோன் நகர ஆயர் இரேனேயு, உரோமை ஆயர் விக்டருக்கு எழுதிய மடலைப் பழைய வரலாற்றாசிரியர் யூசேபியு காத்துத் தந்துள்ளார். சிலர் ஒருநாள் நோற்கின்றனர், சிலர் இருநாள், சிலர் அதனினும் மிகுதியாக, சிலர் நாற்பது மணி நேரம். ஆயினும் முன்னோர் ஒருவரோடொருவர் சமாதானமாகவே வாழ்ந்தனர் என்று அம்மடல் கூறும். நம் வீட்டுக் கூட்டத்தில் மீன் உண்ணலாமா கூடாதா என்று தூத்துக்குடியாரும் திருநெல்வேலியாரும் வாதிட்டபோதெல்லாம், இந்த 1,800 ஆண்டுப் பழைய மடலே எமக்கு நடுவராக நின்றது.

வீழ்ந்தோர்க்குத் துணை

பழைய சபையில் பெரும் பிழை செய்தோர் பலரறியத் தவம் செய்தனர். அவர்கள் சாம்பலும் கோணியும் தரித்து ஒதுங்கி நின்று, பெரிய வியாழனன்று மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டனர். அக்காலத்தில் சாம்பல் அவர்களுக்கு மட்டுமே உரிய அடையாளம். காலப்போக்கில் பலரறியத் தவம் செய்யும் முறை தேய்ந்தது. சாம்பலோ மறையவில்லை, எல்லாருடைய நெற்றிக்கும் வந்து சேர்ந்தது. இத்தாலியின் பெனவெந்தோ நகரில் 1091இல் கூடிய சங்கம், குருமாரும் பொதுமக்களும் ஆகிய அனைவரும் சாம்பற் புதனன்று சாம்பலை ஏற்க வேண்டும் என விதித்தது. முந்தைய ஆண்டின் குருத்தோலையை எரித்தே அச்சாம்பல் செய்யப்படுகிறது. ஒருவரைச் சுட்டிக்காட்டப் பயன்பட்ட அடையாளம், எவரையும் சுட்டிக்காட்ட இயலாதவாறு பொதுவாயிற்று. குற்றவாளியைத் தனியே நிற்கவிடாமல் சபை முழுவதும் அவன் வரிசையில் சென்று நின்றது என்றே நாம் இதனைக் கொள்ளலாம்.

பசித்தோர்க்குத் துணை

மூன்றாவது துணையே தலையாயது. இரண்டாம் நூற்றாண்டில் உரோமையில் எழுந்த ‘எர்மாவின் மேய்ப்பர்’ என்னும் நூல், நோன்பு நாளில் அப்பமும் நீருமே கொள்ளச் சொல்லி, அன்று உண்டிருக்கக்கூடிய உணவின் விலையைக் கணக்கிட்டுக் கைம்பெண்ணுக்கோ அனாதைக்கோ வறியவருக்கோ கொடுக்கச் சொல்கிறது. இதனைப் பிள்ளைகளோடும் வீட்டார் அனைவரோடும் கைக்கொள்ள வேண்டும் என்றும் அது கூறும். அதே நூற்றாண்டில் ஏதென்ஸ் நகரத்து அரிஸ்தீது, கிறித்தவர் தம்முள் வறியவர் இருப்பதறிந்தால், மிகுதியான உணவு தம்மிடம் இல்லாதபோது இரண்டு மூன்று நாள் தாம் நோன்பிருந்து அவருக்கு உணவளிப்பர் என்று எழுதினார். ஐந்தாம் நூற்றாண்டில் உரோமை ஆயராயிருந்த பெரிய லியோவின் தவக்கால உரைகளிலும், நோற்பவர் விலக்கிய உணவு ஏழையின் உணவாக வேண்டும் என்ற கருத்தே திரும்பத் திரும்ப வருகிறது. இவர்கள் எல்லாருக்கும் முன்னரே, ஏழைக்கு உணவைப் பகிர்ந்தளிப்பதே தாம் விரும்பும் நோன்பு என்று கடவுள் கூறுவதாக ஏசாயா இறைவாக்கினர் உரைத்தார்.

கட்டளையும் கலகமும்

மூன்று துணைகளும் மங்கிய காலமும் உண்டு. இடைக்கால ஐரோப்பாவில் நோன்பு சட்டமாயிற்று. இறைச்சியோடு பாலும் வெண்ணெயும் முட்டையும் விலக்கப்பட்டன. வசதியுள்ளோர் பொருள் செலுத்தி விலக்குப் பெற்றனர். பிரான்சு நாட்டின் ருவான் நகரப் பேராலயத்தில், பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கி எழுப்பிய கோபுரம் ஒன்று வெண்ணெய்க் கோபுரம் என்றே இன்றும் வழங்கப்படுகிறது. நோன்புக் காலத்தில் வெண்ணெய் உண்ண விலக்குப் பெற்றோர் தந்த பொருளால் அது எழுந்தது என்பர். எர்மாவின் நூலில் ஏழைக்குச் சென்ற காசு இங்கே கல்லாயிற்று.

இதற்கு எதிரொலி 1522இல் சூரிக் நகரில் எழுந்தது. தவக்காலத்தின் முதல் ஞாயிறையொட்டி, அச்சகம் நடத்திய பிரோஷவர் என்பாரின் வீட்டில் கூடிய சிலர் வேண்டுமென்றே இறைச்சிப் பண்டம் உண்டனர். உடனிருந்த சுவிங்கிலி உண்ணவில்லை. ஆயினும் அவர்கள் சார்பில் உணவில் கிறித்தவனுக்குள்ள உரிமை பற்றி அம்மாதமே உரை நிகழ்த்தினார். சுவிட்சர்லாந்துச் சீர்திருத்தம் இந்நிகழ்ச்சியோடு தொடங்கியதாகக் கருதுவோர் பலர். நோன்பை மறுத்தவர்களும் ஒரு சிறு குழுவாகவே கூடினர் என்பது நோக்கத்தக்கது.

இப்பிளவின் கிளைகள் தமிழகத்திலும் வந்து ஊன்றின. இங்கிலாந்துத் திருச்சபை தன் பொது வழிபாட்டு நூலில் லெந்து நாள்களைப் போற்றிக்கொண்டது. ஆகவே அச்சபை வழி வந்த ஊழியத்தில் வளர்ந்த திருநெல்வேலியில் லெந்து வேரூன்றியது. மதுரையில் 1834இல் தொடங்கிய அமெரிக்க மிஷனும், தென்திருவிதாங்கூரில் உழைத்த இலண்டன் மிஷனும் பெரிதும் சுவிங்கிலி, கால்வின் ஆகியோரின் வழிப்பட்ட சபையாருடையவை. நாற்பது நாள்களைக் கட்டளையாகக் கொள்வது அம்மரபன்று. ஒரே மாவட்ட எல்லையின் இருபுறத்தும் வாழ்ந்த தமிழர் இவ்வகையில் வேறுபட்டதற்குக் காரணம் தமிழகத்திலன்று, ஐரோப்பாவில் இருந்தது.

தமிழ் கொடுத்த வடிவம்

ஆயினும் தமிழ் மண் இந்நோன்புக்குத் தன் சொற்களைக் கொடுத்தது. ஒருவேளை மட்டும் உண்ணும் நோன்பைத் தமிழ்க் கத்தோலிக்கர் ஒருசந்தி என்றனர். இறைச்சி விலக்கிய உணவைச் சுத்தபோசனம் என்றனர். இரண்டும் அயலாராகிய சைவ வைணவர் வழக்கில் முன்னரே இருந்த சொற்கள். மதுரைக்கு 1606இல் வந்த தத்துவ போதகர் எனப்படும் இராபர்ட் தெ நொபிலி, ஊனுணவு நீக்கி நாளுக்கு ஒருவேளை உண்டு வாழ்ந்தார்; அவரைக் கண்டோர்க்கு ஒருசந்தி அயல்நாட்டுச் சரக்காகத் தோன்றியிராது. கோவாவில் பிறந்து 1705இல் இலங்கைக்கு வந்து 1742 வரை உழைத்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார், ஆண்டவரின் பாடுகளைப் பற்றித் தமிழில் ‘வியாகுலப் பிரசங்கம்’ இயற்றினார். ஈழத்துத் தமிழ்க் கத்தோலிக்கர் அதனைத் தவக்காலத்தில் கூடியமர்ந்து இசையோடு வாசிக்கும் வழக்கம் ஏற்பட்டது.

குருமார் அரியராயிருந்த காலத்தில் இவற்றை நடத்தியவர் யார்? முத்துக்குளித்துறையில் 1542இல் பணி தொடங்கிய பிரான்சிஸ் சேவியர், ஊர்தோறும் கணக்கப்பிள்ளைமாரை அமர்த்தி மக்களுக்கு மன்றாட்டுச் சொல்லிக் கொடுக்கச் செய்தார். பிற்காலத்தில் உபதேசியார் அப்பொறுப்பை ஏற்றார். குருவானவர் ஆண்டில் சில நாள்களே வரும் சிற்றூர்களில், பொதுமக்களுள் ஒருவர் முன்னின்று நடத்தச் சிலர் கூடியதே சபை. ஆகவே வீட்டில் கூடும் சிறு குழு நகரவாழ்வு கண்டுபிடித்த புதுமையன்று.

சிறு குழுவின் மறுமலர்ச்சி

மேலை நாட்டிலும் சிறு குழு புத்துயிர் பெற்றதொரு வரலாறு உண்டு. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 1742இல், வழிபாட்டு மனைக்கு ஏற்பட்ட கடனைத் தீர்க்க ஜான் வெசுலியின் அன்பர்கள் ஆராய்ந்தனர். ஒவ்வொருவரும் வாரம் ஒரு பென்னி தரலாம் என்றார் ஒருவர். ஏழைகளால் அதுவும் இயலாதே என்றார் மற்றொருவர். அப்படியாயின் மிக ஏழைகளாகிய பதினொருவரை என் பொறுப்பில் விடுங்கள். அவர்களால் இயன்றால் தரட்டும், இயலாவிட்டால் அவர்களுக்கும் சேர்த்து நானே தருவேன் என்று முதலாமவர் மொழிந்தார். காசு வாங்க வீடுவீடாகச் சென்றவர்கள் அவ்வீடுகளின் துன்பங்களைக் கண்டனர். பன்னிருவர் கூடும் வகுப்புக் கூட்டம் அவ்வாறு பிறந்தது. கடனைத் தீர்க்கத் தோன்றிய ஏற்பாடு ஒருவரையொருவர் தாங்கும் ஏற்பாடாயிற்று.

சென்னையில் 1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, லெந்து காத்த ஆங்கிலிக்கன் சபையாரும், வகுப்புக் கூட்டம் கண்ட மெதடிஸ்டு சபையாரும், நாற்பது நாளைக் கட்டளையாகக் கொள்ளாத மரபினரும் ஒரே சபையாயினர். கத்தோலிக்கத் திருச்சபையில் ஆறாம் பவுல் திருத்தந்தை 1966இல் வெளியிட்ட ஆணை, கட்டாய நோன்பு நாள்களைத் திருநீற்றுப் புதன், பெரிய வெள்ளி ஆகிய இரண்டாகக் குறைத்தது. எஞ்சியவற்றைச் செபம், ஈகை ஆகியவற்றால் நிறைவு செய்ய மக்களின் மனச்சான்றுக்கு விரிவான இடம் தந்தது. திருமுழுக்குக்கு ஆயத்தமாவோரைச் சபை உடனிருந்து நடத்தும் பழைய முறை 1972இல் புதுப்பிக்கப்பட்டது. அண்டை வீட்டார் சிலர் கூடும் சிறு சமூகத்திற்குத் தமிழகக் கத்தோலிக்கர் அன்பியம் என்று அழகிய பெயரிட்டனர். சட்டம் தளர்ந்தபோது நோன்பும் தளரும் என்று அஞ்சினோர் உண்டு. சட்டம் விட்ட இடத்தைத் துணை நிரப்ப வேண்டும் என்பதே வரலாறு காட்டும் வழி.

பெட்டி சுற்றிய கதை

இனி, பெரியவரின் வினாவுக்கு வருவோம். அதற்கு விடையை நூல்களில் மட்டும் நாம் காணவில்லை. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன், ஒரு தவக்காலத்தின் மூன்றாம் வெள்ளியன்று நம் வீடொன்றில் கஞ்சி பரிமாறிக்கொண்டிருந்தோம். ஏழு குடும்பங்களுள் ஒன்றைச் சார்ந்த எட்டு வயதுச் சிறுமி மூன்றாம் முறையாகக் கிண்ணத்தை நீட்டினாள். “இன்றைக்கு நோன்பல்லவா கண்ணு, அளவாகச் சாப்பிட வேண்டாமா?” என்று அவ்வீட்டம்மையார் சிரித்தபடி கேட்டார். “கிறிஸ்துமஸ் முடிந்ததிலிருந்தே எங்கள் வீட்டில் லெந்துதான், அத்தை” என்றாள் சிறுமி.

அவளுடைய தந்தை வேலை செய்த தொழிற்சாலை மூடப்பட்டு மூன்று மாதங்கள் ஆகியிருந்தன. அவர் நாள்தோறும் வழக்கமான வண்டியிலேயே ஏறிச் சென்று, வழக்கமான நேரத்தில் திரும்பி வந்துகொண்டிருந்தார். அந்த அம்மையார் வெள்ளிதோறும் டப்பாவில் காசு இட்டதையும் நாம் பார்த்திருந்தோம். நமது நோன்பு ஏழு வீட்டாருக்கும் தெரியும். அவ்வீட்டின் பசி ஒருவருக்கும் தெரியாது. மறைவாய் இருக்க வேண்டியது வெளியே இருந்தது. நாம் அறிந்திருக்க வேண்டியது மறைவாய் இருந்தது. அவ்வாண்டும் டப்பாவிற் சேர்ந்த பணத்தைத் தொலைவிலுள்ள இல்லம் ஒன்றிற்கு அனுப்பத் திட்டமிட்டிருந்தோம்.

அன்றிரவே சிலர் பணம் திரட்ட முற்பட்டனர். நம்முள் மூத்தவரான அண்ணாச்சி தடுத்தார். “கையில் கொடுத்தால் அவர் அடுத்த வெள்ளி வரமாட்டார், நமக்கு டப்பா நிறையும், ஆள் குறையும்” என்றார். பின்னர் அவர் சொன்ன முறையையே ஏற்றோம். அதுவரை ஒரே வீட்டில் இருந்த டப்பா, அடுத்த வெள்ளி முதல் ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு வீட்டுக்குச் செல்லும். இடுவோர் இடலாம், தேவையுள்ளோர் எடுக்கலாம், திறந்து எண்ணுவோர் எவருமில்லை, எவ்வளவு என்று கேட்போரும் இல்லை. டப்பாவோடு ஓர் அரிசிப் பையும் சென்றது. அதற்கும் அதுவே விதி. தொலைவிலுள்ள இல்லத்திற்குத் தனியே வேறு உறையில் அனுப்பினோம்.

அந்த ஆண்டு யார் எடுத்தார், எவ்வளவு எடுத்தார் என்பது இன்றளவும் எமக்குத் தெரியாது. ஒன்று மட்டும் தெரியும்: பெரிய வெள்ளியன்று ஏழு குடும்பமும் வந்திருந்தன. அந்நண்பர் சில மாதங்களில் வேறு வேலை பெற்றார். டப்பா இருமுறை மாற்றப்பட்டது, முறை மாறவில்லை.

இப்போது அப்பெரியவர் மீண்டும் வந்து கேட்பாராயின் நாம் கூறத்தக்க விடை இதுவே: கூடி நோற்பது பிறர் காண்பதற்காக அன்று, நாம் பிறரைக் காண்பதற்காக. திதாக்கேயின் காலத்தில் திருமுழுக்குப் பெற வந்தவனையும், சாம்பல் தரித்து ஒதுங்கி நின்றவனையும், உரோமையின் கைம்பெண்ணையும் முன்னோர் அவ்வாறே கண்டனர். மறைவு எமது ஈகைக்கு உரியது. எமது தோழமைக்கு உரியதன்று. நோன்பைக் கூடி நோற்று, கொடையை மறைத்துக் கொடுத்தால் மலைமீது சொல்லப்பட்ட அறிவுரைக்கு ஒரு குறைவும் நேராது.

பிறந்த ஊரைவிட்டுப் பிழைக்க வந்த தமிழ்க் குடும்பங்களில், மானத்தின் பொருட்டு மூடிய கதவுகள் பல. ஊரில் அடுத்த வீட்டு அடுப்பில் புகை எழாவிட்டால் தெரிந்துவிடும், அடுக்குமாடியில் தெரிவதில்லை. எச்சமயத்தாராயினும் வாரத்தில் ஒருநாள் ஒருவர் வீட்டில் மற்றவர் அமர்ந்து எளிய உணவு உண்ணும் பழக்கம் இருக்குமானால், அக்கதவுகள் தட்டப்படும். நமது சங்கம் தோன்றியதும் அத்தகைய ஒரு தட்டலினாலேயே அன்றோ? அடுத்த சாம்பற் புதனுக்குப் பின் வரும் முதல் வெள்ளியன்று டப்பா எந்த வீட்டிலிருந்து புறப்பட வேண்டும் என்று இப்போதே முறை எழுதி வைத்துள்ளோம். இம்முறை எட்டாவது குடும்பம் ஒன்றும் சேர்ந்துள்ளது.